மேஜைமேல் புது போன்

இன்னும் கடைக்கே வராத அந்த போனை மஹேஷ் மறுபடியும் சாப்பாட்டு மேஜையில் மறந்துவிட்டு ஆபீஸ் போயிருந்தான். அதைத் தயாரிக்கும் கம்பெனியில்தான் அவனுக்கு வேலை.

அவன் மனைவி ஜானவி செய்திச் சேனலில் நிருபர். வாய்தவறி விஷயத்தைச் சொன்னதும் எடிட்டர் ஜெயகுமார் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு போட்டோ அனுப்பு ஜானவி. கேரளம் முழுக்க நம்ம சேனல் பேச்சாத்தான் இருக்கும், கேட்டோ."

"நம்பி வீட்ல வெச்சதை எடுத்துப் போடறது திருட்டு சார். அவருக்கு வேலை போயிடும்."

சாயங்காலம் கரமனையிலிருந்த தங்கள் வீட்டுக்குள் நுழைந்த மஹேஷிடம் ஜானவி போனை நீட்டினாள்.

"இந்தாங்கோ. ஒரு படம்கூட எடுக்கலை. இனிமேலாவது பத்திரமா வெச்சுக்கோங்கோ."

அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"நீயெல்லாம் ஒரு ரிப்போர்ட்டராடி? 'உன் பொண்டாட்டி சேனல்ல போன் படம் இன்னும் ஏன் வரலை'ன்னு மேனேஜர் தெனமும் உயிரை எடுக்கறார். மறந்து வெச்சுட்டுப் போறதுக்குத்தானே கம்பெனில இதை என்கிட்ட குடுத்திருக்கா."