விரல் நீட்டும் வாசல்

"என்ன அண்ணே, இன்னிக்காவது உங்க பொண்ணு தெரியுதா?" என்று பள்ளிக்கூட வாட்ச்மேன் வேலாயுதம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளி விட்டதும் பெற்றவர்தான் வரிசையில் நிற்கும் தன் பிள்ளையை விரல் நீட்டிக் காட்டவேண்டும். பிள்ளை கூப்பிடக் கூடாது. போனில் இருக்கும் படம் செல்லாது. யாரும் காட்டாத பிள்ளையைக் காப்பகத்துக்கு ஏற்றிவிடுவார்கள்.

டைல்ஸ் கம்பெனியில் விரிசல் பார்த்துக் கழிக்கும் வேலைக்கு, கவனம் வேறெங்கும் போகாமல் பிடித்துவைக்கும் நெற்றிப்பட்டையை மாட்டிய நாள்முதல் என் மனசு விரிசலில்தான் நிற்கிறது. காலையில் கழித்த டைல்ஸ் எல்லாம் இப்போதும் கண்ணில் இருக்கிறது. வீட்டில் மகள் நிவேதிகா எதிரே உட்கார்ந்து கதை சொன்னாலும், அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவர் விரிசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மனசு வைத்துப் பார்க்காத முகம் எப்படித் தங்கும்?

எல்லாம் ஒரே சீருடை, ஒரே இரட்டைச் சடை. ஒருத்தி மட்டும் கண் கலங்கி நின்றாள். அவளைக் காட்டினேன்.

"ஏ பாப்பா, இவரு உங்க அப்பாதானா?" என்று வேலாயுதம் அவளைக் கேட்டான்.

தலையாட்டிவிட்டு ஓடிவந்து என் விரலைப் பிடித்தாள். எனக்கு உயிர் வந்தது.

"பயந்துட்டியா நிவே?" என்று தெருமுனையில் கேட்டேன்.

"நான் நிவே இல்ல மாமா. எங்கப்பாவும் டைல்ஸ் கம்பெனியில நெத்திப்பட்டை மாட்டுறாரு. நேத்து என்னைத் தெரியாம திரும்பிப் போயிட்டாரு. காப்பகத்துலதான் படுத்தேன். இன்னிக்கும் அங்க போகமாட்டேன்."

அவளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே திரும்பி ஓடினேன்.

"ஒரு ஆளுக்கு ஒரு பிள்ளைதான் அண்ணே. காட்டிட்டீங்களே" என்று வேலாயுதம் கேட்டைச் சாத்தினான்.

கம்பிக்குள் ஒரே ஒரு பிள்ளை மிச்சம் நின்றாள். அவள் அழவில்லை. காப்பகத்தில் மறந்துவிடக் கூடாது என்பதுபோல், என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.