பழனி டிஸ்க்

இறந்துபோன மகள் யாழினிக்குப் பழனியில் மொட்டை போட்ட வீடியோ கோமதியிடம் ஒரே டிஸ்க்கில்தான் இருந்தது. அதில் கீறல் விழவே, திண்டுக்கல் ஸ்டுடியோவில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்கினாள். அதில் யாழினி சந்தனத் தலையோடு மலைப்படிகளில் ஓடினாள். வீட்டில் டிஸ்க்கைப் போட்டால் அவள் இல்லை, படிகள் மட்டும் இருந்தன.

"டிஸ்க்குல எதையும் அழிக்க முடியாதுக்கா. உங்க பிளேயருக்குத்தான் கண்ணு தெரியல," என்று சிரித்தான் ஸ்டுடியோ அருண்பாண்டி. "இருங்க, போன்லயும் ஏத்தித் தாரேன்."

போனில் யாழினி மூச்சு வாங்கியபடி படியில் உட்கார்ந்திருந்தாள். பென் டிரைவில் இப்போது அவள் இல்லை.

போன் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று கோமதி பயந்தாள். "கம்ப்யூட்டர்லயும் ஒண்ணு இருக்கட்டும் தம்பி," என்றாள்.

கம்ப்யூட்டரில் யாழினி படியிலேயே படுத்துவிட்டாள். வீடியோவுக்குள் இருந்த கோமதி, அர்ச்சனைத் தட்டோடு அவளைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.