பாலம் மூடாத கால்மணி நேரம்

கப்பல் போய்க் கால்மணி நேரமாகிவிட்டது. அதற்கு வழிவிடத் திரும்பிய துறைமுகப் பாலம் இன்னும் பக்கவாட்டிலேயே நின்றது. அதன் நடுவிலிருந்த கூண்டில் தமயந்தி விசையைப் பிடித்திருந்தாள், ஆனால் தள்ளவில்லை. அக்கரையில் செசிலி, அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதென்று பெட்டியோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அந்த பஸ் இக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் செசிலியின் புருஷன் அருளப்பன், வெறும் காலோடு ஓடிவந்து நின்றான். பாலம் மூடினால் அவனை முந்திக்கொண்டு பஸ் போய்ச் சேர்ந்துவிடும்.

"என்னம்மா, தூங்கிட்டியா?" என்று டிரைவர் ஹாரன் அடித்தார்.

"பல்சக்கரம் இறுகிடுச்சுண்ணே," என்றாள் தமயந்தி கூசாமல்.

தண்ணீரைத் தாண்டி செசிலியின் குரல் வந்தது. "எங்கண்ணன் வந்தப்ப ஏன்யா எந்திரிக்கல? மகாராஜாவாட்டம் உக்காந்தே இருந்தியே!"

"கால் மரத்துப்போச்சு செசிலி!"

"பொய்யி!" என்றது அக்கரைக் கூட்டம்.

"உள்ளதச் சொல்லித் தொலைப்பா, என் மீனெல்லாம் நாறுது," என்றாள் இக்கரையில் ஒரு கூடைக்காரி.

அருளப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினான். "கைலி பின்னால கிழிஞ்சிருந்துச்சுடி!"

இரண்டு கரையும் சிரித்து ஓய நேரமானது. செசிலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத அவரு போனப்புறமாவது சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க பேச விட்ட?"

தமயந்தி விசையைத் தள்ளினாள். பாலம் மெல்லத் திரும்பியது. கரைகளைத் தொட இன்னும் இரண்டு முழம் இருக்கும்போதே இக்கரையில் ஒரு வெறும் கால் எழுந்தது. அக்கரையிலும் ஒரு கால்.

"பொறுங்க, ரெண்டு பேரும் பொறுங்க!" தமயந்தி கூண்டிலிருந்து எட்டிக் கத்தினாள். "தண்ணிக்குள்ள விழுந்து வைக்காதீங்க!"