மூச்சு முட்டும் வரை

சமையலறை மேடையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஒரு பேசினில் விலாவில் புண்ணோடு தங்கமீன். இன்னொன்றில் மீன்தொட்டித் தண்ணீரிலேயே கரைத்த நீல மருந்து. சிக்னலில் ஒரு நொடி பொறுக்காமல் ஹாரனை அலறவிடும் பஸ் டிரைவர், பூனை மாதிரி நடந்துவந்து இரண்டு கைகளையும் நனைத்துக்கொள்கிறார். கேலி பண்ணத்தான் மனைவி வந்து நிற்கிறாள். “கையை எதுக்கு நனைக்கிறீங்க?” “காஞ்ச கை பட்டா அதோட வழவழப்பு உரிஞ்சிடும். அதுதான் அதுக்குச் சட்டை.” “எவ்வளவு நேரம் வெளிய வெச்சிருக்கலாம்?” “நான் மூச்சடக்குற வரைக்கும். எனக்கு முட்டுறதுக்குள்ள உள்ள விட்டுடணும்.”

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, மீனை ஈரத்துணியில் ஏந்துகிறார். செதில் ஒவ்வொன்றிலும் வெயில் தனித்தனியாகப் பற்றிக்கொள்கிறது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள், செவுள் பக்கம் போகாமல், பஞ்சால் புண்ணை மட்டும் ஒற்றுகின்றன. கழுத்து நரம்பு புடைக்கிறது, முகம் சிவக்கிறது. மீன் நீலத்துக்குள் இறங்கி, ஒருக்களித்துச் சாய்கிறது. இமையில்லாத கண்ணைப் பார்த்து உயிர் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. “அதான் விட்டாச்சே, மூச்சு விடுங்க!” அவர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டுகிறார். குக்கர் விசிலடிக்கப் பார்க்கிறது. அவள் சத்தமில்லாமல் அடுப்பை அணைக்கிறாள். செவுள் மெல்லத் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. பேசின்மேல் குனிந்தபடியே அவர் விட்ட மூச்சில் நீலத் தண்ணீர் சிற்றலையாகச் சுருங்கி விரிகிறது. அந்தச் சுருக்கத்தைத் தேடி, மீன் மேலே வருகிறது.