பன்னிரண்டு அறைகளின் முதலாளி

பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது வரதராஜுலுவுக்குக் கை நடுங்கியது. இருபது வருடம் வைத்திருந்த சொத்தைப் பிரிகிறார், பாவம் என்று ஜெகதீஷ் பரிதாபப்பட்டான். பேனாவை அவனே மூடிக் கொடுத்தான்.

வல்லக்கோட்டைச் சாலையில் பன்னிரண்டு வாடகை அறைகள். இருபத்தேழு வயதில் அவற்றுக்கு முதலாளி ஆகிவிட்டான். கைபேசிக் காணொளிகள் அவனை முதலீட்டாளனாக்கி ஆறு மாதம் ஆகிறது. முடிவெட்ட உட்கார்ந்த இடத்தில்கூட உழைக்காமலே வரும் 'பேசிவ் இன்கம்' பற்றி வகுப்பு எடுத்தவன்.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஆபீசரான அவன் உற்பத்தி லைனுக்குள் இறங்குவதே அபூர்வம். கண்ணாடி அறையிலிருந்து தலைகளை எண்ணுவதோடு சரி. எண்ணிய கையோடு செலவைக் குறைக்க ஒரு யோசனை எழுதிக் கொடுத்தான். மேலிடம் குளிர்ந்துபோய்ப் பதவி உயர்வு தந்தது. ஏறிய சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுத்தது. முன்பணத்துக்கு அம்மா சாரதாவின் நகைகள் வாலாஜாபாத் அடகுக் கடைக்குப் போயின.

"வாடகை நின்னுபோச்சுனா இன்னாடா பண்ணுவ? என் நகை திரும்பி வருமா?"

"பன்னெண்டு ரூமும்மா. எல்லாம் ஒரே நாள்லயா காலியாவும்?"

முதலில் இடம் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை, கொடி நிறைய நீலச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மஞ்சள் காலர். எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருந்தது. வரதராஜுலு தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். குடியிருப்பவர்கள் எல்லாம் தெற்கத்தி ஆட்கள், ஒரே கம்பெனி என்றார். கம்பெனியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவரை ஜெகதீஷ் கைகாட்டி நிறுத்தினான்.

"பேரு எதுக்கு சார்? எல்லா ரூம்லயும் ஆள் கீறாங்களா இல்லியா, அதான் மேட்டர்."

பெரியவர் பத்திரத்துக்கு உடனே நாள் குறித்தார். "அப்ப சீக்கிரமா முடிச்சிக்கலாம் தம்பி."

பத்திரம் முடிந்த மத்தியானம், புது முதலாளி இனிப்புப் பெட்டியோடு போய் இறங்கினான். கொடியில் ஒரு சட்டைகூட இல்லை. பன்னிரண்டு கதவுகளும் திறந்து கிடந்தன. உள்ளே பாயும் இல்லை, வாளியும் இல்லை. முற்றத்தில் இருபது முப்பது பேர் மூட்டை முடிச்சோடு நின்றிருந்தார்கள்.

தென்காசிக்காரன் மாரிமுத்து, ஒரே கயிற்றில் கோத்த பன்னிரண்டு சாவிகளோடு முன்னால் வந்தான். கம்பெனியில் ரோபோ வைக்கிறார்களாம். நேற்றைய ஷிஃப்டோடு எல்லாரையும் நிறுத்திவிட்டார்களாம். வரதராஜுலு ஐயாவுக்குப் போன மாதமே கடிதம் வந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த கை நடுக்கம், வீட்டை விற்று முடிக்கிறவரை நிற்கவே இல்லை என்றான்.

"எந்த கம்பெனி?" இந்த முறை ஜெகதீஷ் கேட்டான்.

மாரிமுத்து மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை விரித்துக் காட்டினான். மார்புப் பையின் மேல் இருந்த முத்திரை, ஜெகதீஷின் சம்பளச் சீட்டில் இருப்பதேதான்.

"கம்பெனியச் சொல்லிக் குத்தமில்ல சார். ஜெகதீஷ்னு ஒரு ஆபீசர் குடுத்த யோசனையாம். அவரத்தான் ஒரு தடவ நேர்ல பாக்கணும்னு இவனுவ எல்லாம் நிக்கானுவ."

இனிப்புப் பெட்டி கையில் கனத்தது. முற்றத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள். மாரிமுத்து சாவிக் கொத்தை நீட்டினான்.

"ஆமா, சார் பேரு என்ன?"