கண்ணை உறுத்தாத பட்டன்

"ஏம்மா லாவண்யா, மஞ்சள் பட்டன், அதைச் சுத்தி சிவப்பு பார்டர். இதை ஓசூர்ல வெச்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

கம்ப்யூட்டர் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்த திண்டுக்கல் பெண் லாவண்யா, பார்க்க நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் யோசித்திருக்கவில்லை.

"கர்நாடகாக் கொடிம்மா அது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு அந்தாண்ட வெச்சா மாலை போடுவான். இந்தாண்ட வெச்சா கல்லெடுப்பான். மாத்து."

கார் ஒயரிங் செய்யும் அந்தக் கம்பெனியின் லேடீஸ் ஹாஸ்டலுக்கு மேனேஜர் கமலக்கண்ணன். புனேயிலிருக்கும் தலைமை அலுவலகம் ஒவ்வொரு ஹாஸ்டலும் சொந்தமாக ஓர் ஆப் செய்துகொள்ள வேண்டுமென்று உத்தரவு போட்டிருந்தது. அதில் ஒரே ஒரு பட்டன். ஹாஸ்டலில் குறை இருந்தால் அதைத் தொட்டால் போதும். தொட்டவர் பெயர் நேராகப் புனேக்குப் போகும். அவர்கள் திருப்பிக் கூப்பிட்டு, தமிழோ கன்னடமோ தெலுங்கோ, அவரவர் மொழியில் விசாரிப்பார்கள்.

முதல் வாரம் எந்த ஹாஸ்டலிலிருந்து புகாரே வரவில்லையோ, அந்த மேனேஜருக்குத்தான் ஜி.எம். நாற்காலி என்று பேச்சு. அந்த நாற்காலியை நினைத்து நினைத்துத்தான் கமலக்கண்ணனுக்கு முடியே கொட்டியது. ஹாஸ்டல் லட்சணமோ, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும், பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. தாழ்ப்பாள் போடுவதைவிட பட்டனைச் சரிசெய்வது சுலபம் என்பதும் தெரியும்.

"அப்ப சிவப்பு வைக்கலாமா சார்?"

"யூனியன்காரன் உள்ள வந்துடுவான்."

"பச்சை?"

"பச்சைத் துண்டு போட்டவன் எல்லாம் எங்க நிலத்தைத் திருப்பிக் குடுன்னு கேட்ல வந்து குந்திக்குவான்."

"நீலம்?"

கமலக்கண்ணன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. நீயே புரிஞ்சுக்கோ."

ஆக, வானவில்லில் ஒரு நிறம்கூட மிஞ்சவில்லை. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைப் பட்டன் என்று முடிவானது. அடுத்து, பட்டன் மேலிருந்த 'புகார்' என்ற எழுத்து. எந்த மொழியை முதலில் போட்டாலும் மற்ற இரண்டு மொழிக்காரர்கள் சண்டைக்கு வருவார்களாம். எழுத்தும் போனது.

"தொட்டதும் 'நன்றி, உங்கள் புகார் கிடைத்தது'ன்னு ஒரு பெட்டி வரும் சார்."

"புகார் சொல்றவளுக்கு நன்றி வேறயா? அதையும் தூக்கு."

"தூக்கிட்டா, போச்சா போகலயான்னே தெரியாதே சார்."

"தெரிஞ்சு என்ன கலெக்டர் ஆகப் போறாங்களா?"

"சரி சார். சுத்தி மெல்லிசா ஒரு கோடு மட்டும் விட்டிருக்கேன். அதாவது இருக்கட்டுமே."

கமலக்கண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "உறுத்துதும்மா. ஆபீஸ்ல எதுவும் கண்ணை உறுத்தக் கூடாது. எது பட்டன், எது பக்கம்னு வித்தியாசமே தெரியாம இருக்கணும்."

"வித்தியாசமே இருக்கக் கூடாது. அவ்வளவுதானே சார்?"

"அதேதான். இப்பதான் நீ பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணு."

திங்கட்கிழமை காலை ஆப் எல்லோருடைய போனுக்கும் போனது. லைனில் வேலை செய்யும் பெண்களின் போன்கள் ஷிப்ட் முடியும்வரை லாக்கரில் இருக்கும். கமலக்கண்ணனின் போன் அவர் கையில்தான் இருந்தது. திறந்தார். பச்சைக் குழந்தையின் மனசு மாதிரி ஒரே வெள்ளை.

எங்கேதான் இருக்கிறது அந்தப் பட்டன்? நடுவில் தொட்டார். ஒன்றுமில்லை. மேலே, கீழே, ஓரத்தில் குத்திப் பார்த்தார். திரை அசையவே இல்லை. தனக்கே அகப்படாத பட்டன் அந்தப் பெண்களுக்கு எங்கே அகப்படப் போகிறது என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீ வந்தது. ஒரு கையில் போண்டா, மறுகையில் போன். ஒரு இடம் விடாமல், கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல், வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

மதியம் லாவண்யாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"காலைலேருந்து தொட்டுட்டே இருக்கேன், ஒண்ணுமே தெரியல. பிரமாதம்மா."

"தெரியாது சார். நீங்க சொன்ன மாதிரியேதான் பண்ணியிருக்கேன்."

"ஆமா, ஊர் திண்டுக்கல்லாச்சே. இங்க எங்க தங்கியிருக்கே?"

"நம்ம ஹாஸ்டல்லதான் சார்."

கமலக்கண்ணனுக்கு இது புதுச் செய்தி. "அப்படியா? வசதியெல்லாம் நல்லா இருக்குமே" என்றார். லாவண்யா சிரித்துவிட்டுப் போனாள். நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டார். ஜி.எம். ஆனதும் தன் செக்‌ஷனிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

நாலு மணிக்குப் புனேயிலிருந்து ராஜலட்சுமி மேடம் பேசினார். எந்த மேனேஜரை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறவர் அவர்தான்.

"என்ன கமலக்கண்ணன், உங்க ஹாஸ்டல் மேல காலைலேருந்து புகாரா வந்து கொட்டுது?"

நாற்காலி ஆடுவதுபோல் இருந்தது. பட்டனைக் கண்டுபிடித்துவிட்டார்களா?

"எங்க பொண்ணுங்க அப்படிப் பண்ண மாட்டாங்க மேடம். எவளோ ஒருத்தி விஷமத்துக்குப் பண்ணியிருப்பா. பேரை மட்டும் சொல்லுங்க, இப்பவே வெளிய அனுப்பிடறேன்."

"பொண்ணுங்க போனெல்லாம் இன்னும் லாக்கர்லதானே இருக்கு? அந்தப் பக்கத்துல எங்க தொட்டாலும் புகார் வந்துடுதுன்னு இங்க சொல்றாங்க, வந்த நூத்துச் சொச்சமும் உங்க பேர்லதான் இருக்கு. மேனேஜரே இத்தனை தடவை புகார் பண்றார்னா ஹாஸ்டல் என்ன கதியில இருக்கும்னு எம்.டி. பதறிப் போயிட்டார், நாளைக்குக் காலைல நேர்லயே வர்றோம்."