அசையாத தண்ணீர்

அது எந்த வருடத்து மின்வெட்டு என்பது அப்புத்தளை டொக்டர் அம்பலவாணருக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை. கரண்ட் போன அன்று கொழும்புக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு அவர் வீடு திரும்பியபோதும் கரண்ட் வந்திருக்கவில்லை. அவர் உயிருள்ள பவளங்கள் வளர்த்த கடல்நீர்த் தொட்டியின் பம்பு நின்றிருந்தது. நீரோட்டம் இல்லாவிட்டால் பவளங்கள் சுருங்கிச் செத்துவிடும். இவையோ நன்றாக விரிந்து அசைந்துகொண்டிருந்தன.

"ஆரை வீட்டுக்குள்ள விட்டனீ?" என்று வேலைக்காரி இராக்கம்மாவைக் கேட்டார்.

"யாரையும் விடலைங்க ஐயா."

"அப்ப பம்பு எப்பிடி ஓடினது? ஆரும் ஜெனரேட்டர் கொண்டந்தவையோ?"

"நாங்க இருக்கிற தோட்டத்து லயத்துல மண்ணெண்ணெய் விளக்குக்கே வழியக் காணோம். ஜெனரேட்டருக்கு நான் எங்கங்க போறது?"

அவர் சிரிக்கவில்லை. தொட்டியின் முன் போய் உட்கார்ந்தார். பிறகு ஒரு சிட்டிகை மீன் தீனியை நீரில் தூவினார். அது விழுந்த இடத்திலேயே மிதந்தது. அதற்குக் கீழே பவளங்கள் எல்லாம் ஒன்றாக இடப்பக்கம் சாய்ந்தன. பிறகு ஒன்றாக வலப்பக்கம் சாய்ந்தன.

"வீட்டுச் சாவியைத் தந்திட்டுப் போ."

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

அவர் கையை மட்டும் நீட்டினார்.

இராக்கம்மாவுக்கு அதன்பிறகு எந்த வீட்டிலும் வேலை கிடைக்கவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாள். டொக்டர் மாற்றலாகி வவுனியா போனார். தொட்டியைப் பவளங்களோடு வாங்கிய பண்டாரவளைக் கடைக்காரர், கூடவே கொடுத்த பம்பைத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.